கித்தேரியாளின் பால்சங்கு

கும்பினிக்காரன் போய், ராணி தலை போட்ட துட்டு புழங்க ஆரம்பித்த காலமாம். தெற்குக் கடலோரம் கோரைத்துறை, கோரைத்துறை என்று ஒரு ஊர். மேற்கே தேரி என்கிற செம்மணல் மேடு, கிழக்கே கடல், நடுவே பாதி எழும்பி நின்ற ராயப்பர் கோயில். அந்தக் கோயிலுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவர் கயித்தான். கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும். எங்கே கை வைத்து எடுத்துக் கொடுத்தார் என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

கயித்தான் யார்? அப்பன் முகம் தெரியாத பிள்ளை. தாய் கூலிக்குச் சிப்பி பொறுக்கினாள், அவள் பின்னாலேயே இவரும் பொறுக்கினார். தாய் காய்ச்சலில் போனாள். இவர் சூளைக்காரனிடம் உதை வாங்கினார், வாங்கிக்கொண்டே தொழிலைப் பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சூளையையே விலைக்கு வாங்கினாராம். எழுத்து ஒன்று தெரியாது. ஆனால் இவரோடு பேரம் பேசிவிட்டு எழுந்திருக்கிறவன், தலைப்பாகை தலையில் இருக்கிறதா என்று ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வானாம். கோபம் வந்தால் கூடை பறக்கும், படி பறக்கும். சொன்ன சொல் மட்டும் மாறாது.

கோயில் கட்டியவர் லெயோன் சாமி என்று ஒரு வெள்ளைக்காரச் சாமியார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். வாயைத் திறந்தால் வேத புஸ்தகம் எழுந்து நடக்கிற மாதிரி இருக்குமாம்.

"கயித்தானே, கேள். ராயப்பர் திருநாளுக்கு மேற்றிராணியார் கப்பலில் எழுந்தருளுகிறார். சாமிமாருக்கெல்லாம் பெரியவர் அவர். கோயிலை அவரே மந்திரிப்பார். அதற்குள் நான்கு சுவரும் வெண்மையாகுமோ?"

"ஆகும் சாமி."

"ஆகாவிடில் வெளியூரிலிருந்து சுண்ணாம்பு வருவிப்பேன். அங்கே ஒருவன் குறைத்துத் தருகிறான்."

கயித்தானுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அவன் குடுக்கது சுண்ணாம்பா சாமி? கல்லச் சுட்டுக் குடுக்கான். ஒரு மழை பெய்ஞ்சா பேதி போனவன் மூஞ்சி மாதிரி வெளிறிப் போவும். நான் குடுக்கது சிப்பிச் சுண்ணாம்பு. முட்டையும் கடுக்காத்தண்ணியும் விட்டுத் தேச்சா, மேற்றிராணியார் சுவத்தப் பாத்துத் தலை சீவிக்கிடலாம்."

"அவர் தலையில் மயிர் இல்லையே, கயித்தானே."

சாரத்தில் நின்ற கொத்தனார்கள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டதாம். "திருநாளன்னிக்கு ஒரு சாண் சுவரு கறுப்பா நின்னா, அந்தக் கரிய எடுத்து எம்மூஞ்சில பூசும்" என்று சொல்லிக் கையடித்துக் கொடுத்தார்.

கொடுத்த கை காயவில்லை, கச்சான் காற்று எழும்பிவிட்டது.

கச்சான் என்றால் சும்மா காற்றில்லை. கடலைக் கலக்கும், கரையைப் புரட்டும், தேரி மணலை அள்ளிவந்து சோற்றில் போடும். சிப்பி எடுக்கப் போன வள்ளங்கள் வெறுங்கூடையோடு திரும்பின. கரையில் ஒதுங்கியிருந்த சிப்பியை மணல் மூடியது. மூன்று பக்கம் வெள்ளை ஏறிவிட்டது. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த தெற்குச் சுவர் மட்டும் கறுப்பாக நின்றது. கயித்தான் கடலைப் பார்ப்பார், சூளையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். கடல் அவரோடு பேரத்துக்கு வரவில்லை.

அப்போதுதான் அவர் கண் கல்லறைத் தோட்டத்தின் மேல் விழுந்தது என்கிறார்கள்.

தோட்டத்தை நீங்கள் அந்தக் காலத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். கோயிலை ஒட்டித் துரைமார் கல்லறைகள். உப்பளத்துத் துரை, அவர் பெண்டாட்டி, கப்பலில் செத்த யாரோ ஒரு வெள்ளைக்காரன். எல்லாம் கல், கல்லின் மேல் எழுத்து. அதற்கு அந்தப் பக்கம் கடல் வரைக்கும் நம் ஆட்கள். நமக்குக் கல் ஏது, எழுத்து ஏது? மண்ணைக் குவித்து, மேலே சிப்பி பதிப்பார்கள். ஒரு வீட்டார் சங்கைச் சிலுவையாக வைப்பார்கள். இன்னொரு வீட்டார் முத்துச்சிப்பியைச் சுற்றிவர அடுக்குவார்கள். கடலில் போனவன் வீட்டார் சிப்பியின் வாயைக் கடலுக்குத் திருப்பி வைப்பார்கள். படிக்காத ஊர், ஆனாலும் எந்த மேடு யார் மேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். காற்று அடித்தாலும் மேடு கரையாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்தச் சிப்பிதான்.

அந்தோனியார் திருநாள் வந்தது. காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிற அந்தோனியார் அல்லவா, பக்கத்துத் துறையில் அவருக்குக் கெபி, குகை மாதிரி ஒரு சின்னக் கோயில், இருந்தது. ஊரே பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டது. கயித்தான் மட்டும் இடுப்பு வலி என்று தங்கிவிட்டார். உச்சி வெயிலில் வண்டியைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்.

முதலில் தன் தாயின் மேட்டுக்குப் போனாராம். அதுதான் அவர் நியாயம். தனக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு ஊரார் பங்கில் கைவைக்கக் கூடாது பாருங்கள்.

"எம்மா, கடனாத்தான் கேக்கேன். கடல் தெளியட்டும், ஒண்ணுக்கு ரெண்டா வைக்கேன்" என்றார். செத்தவள் என்ன சொல்வாள்? பேசாமல் இருந்தாள். பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் மேடு மேடாகப் போனார். ஒவ்வொரு மேட்டிலும் கடன் கேட்டார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட பேரம் அவர் ஆயுசில் படிந்ததில்லை.

கடலோரத்தில் ஒரு சின்ன மேடு. கித்தேரியாளின் பிள்ளை படுத்திருந்த இடம். கித்தேரியாள் வலை பின்னுகிறவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அவனுக்கு மேடு கிடையாது. வயிற்றில் விட்டுப்போன பிள்ளை பிறந்து, சிரிக்கப் பழகிய நேரத்தில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அந்த மேட்டில் வேறு சிப்பியே இல்லை. பிள்ளைக்குப் பால் புகட்டிய சின்னச் சங்கு ஒன்றுதான் இருந்தது. மூக்கு வைத்த பால்சங்கு.

கயித்தானின் கை நின்றது. நின்றது என்றுதான் சொல்கிறார்கள். எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். கூடையைப் பார்த்தார், நிறையக் கொஞ்சம் பாக்கி. "ஒரு சங்குல என்ன ஆவப் போவுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டுவிட்டார்.

ஒரு சங்கினால் சுவரில் ஒரு உள்ளங்கை அளவுகூட வெள்ளை ஏறாது. அது அவருக்குத் தெரியாதா? தொழில்காரர். தெரிந்துதான் போட்டார்.

சூளை எரிந்தது, சிப்பி வெந்தது, தண்ணீர் விட்டதும் கொதித்துப் பொரிந்து பூவாக உதிர்ந்தது. கொத்தனார்கள் பூசித் தேய்த்தார்கள். திருநாளன்று நான்கு சுவரும் பளபளவென்று நின்றது. மேற்றிராணியார் தெற்குச் சுவரைத் தடவிப் பார்த்து, "இது பளிங்கோ?" என்றாராம். லெயோன் சாமி பீடத்திலிருந்தே கயித்தான் பெயரைச் சொன்னார். பிச்சை எடுக்காத குறையாக வளர்ந்தவன் பெயர் பீடத்திலிருந்து வந்தது. கயித்தான் பெண்டாட்டி நத்தாலியாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மட்டும் தெற்குச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

மணல் கண்ணில் அடிக்கிற அந்த நாளில் தோட்டத்துப் பக்கம் யாரும் போவதில்லை. கச்சான் ஓயட்டும், வைத்துவிடலாம் என்றிருந்தார். கச்சானும் ஓய்ந்தது. வண்டி நிறையச் சிப்பியோடு தோட்டத்துக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கே வைப்பது? மேடு ஒன்றையும் காணோம். பிடித்துக்கொண்டிருந்த சிப்பியை அவர் எடுத்தார், காற்று மண்ணை எடுத்துக்கொண்டது. துரைமார் கல் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் கடல் வரைக்கும் ஒரே மட்டமாக வெறும் மணல். தன் தாய் கிடந்த இடமே தெரியவில்லை.

ஊர் கூடிப் பார்த்தது. "பாவி கச்சான், சிப்பியவும் சேத்துல்லா தூக்கிட்டுப் போயிருக்கு" என்று அழுதது. கயித்தானும் ஆமாம் என்று தலையாட்டினார்.

கித்தேரியாள் மட்டும் அழவில்லை. அரிப்புச் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்து மணலை அரிக்க உட்கார்ந்தாள்.

"காத்து சிப்பியத் தூக்கும். சங்கத் தூக்காது. கனம்லா. இங்கனதான் அமுங்கிக் கெடக்கும். சங்கு கெடக்க எடத்துல எம்புள்ள கெடக்கான்" என்றாளாம்.

விடிந்தால் வருவாள், வெயில் ஏறும்வரை அரிப்பாள், போய் வலை பின்னுவாள், மறுநாள் வருவாள். சூளைக்குப் போகிற வழி அதுதான். கயித்தான் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஒருநாள் அவள் கூப்பிட்டே விட்டாள்.

"அண்ணாச்சி, சிப்பி சங்கப் பத்தி உங்கள விட்டா ஊர்ல ஆருக்குத் தெரியும்? ஒரு பால்சங்கு எம்புட்டு ஆழத்துக்கு அமுங்கும்?"

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வாய் வேறு எதையோ சொன்னது.

"அது போவும் தாயி... ஆழமாத்தான் போவும்."

"நல்லாயிருப்பிய அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் அரிப்பை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

அந்த 'நல்லாயிருப்பிய' அவரை விடவில்லை. சோற்றில் உட்கார்ந்தால் கேட்டது. சூளையில் நின்றால் கேட்டது. நத்தாலியாள், "கோயிலு வெள்ளையாத்தான் இருக்கு, உம்ம மூஞ்சிதான் கறுத்துக்கிட்டே போவுது. என்ன செஞ்சிட்டு வந்தீரு?" என்று கேட்டாள். கூடை பறந்தது. அவள் குனிந்துகொண்டாள், பழக்கம்.

ஆழம் ஆழம் என்று தோண்டினாள் கித்தேரியாள். தோண்டத் தோண்ட ஒருநாள் எலும்பு வந்துவிட்டது. யார் எலும்போ. ஊர் கொந்தளித்தது. "புள்ளைய இழந்தவன்னு பொறுத்தோம். எங்க அப்பன் ஆத்தாளையா கெளறுவா?" என்று சத்தம். உபதேசியார் ஓடிவந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமி அவளைத் தோட்டத்தை விட்டே விலக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது.

கயித்தானுக்கு உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, அவளை அப்படி விடவும் மனசு வரவில்லை. கடைசியில் வியாபாரி புத்திதான் வேலை செய்தது. சந்தைக்குப் போய், அதே மாதிரி ஒரு பால்சங்கு வாங்கினார். மணலில் புரட்டி, உப்புத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கினார். மண்வெட்டி போனபின் கையாலேயே கிளறிக்கொண்டிருந்தவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அவள் தோண்டிய குழியின் ஓரத்தில் சொருகிவிட்டு வந்தார். கண்டெடுப்பாள், அந்த இடத்தில் மேடு கட்டுவாள், அழுது ஓய்வாள். அப்படித்தான் நினைத்தாராம்.

கண்டெடுத்தாள். கையில் எடுத்ததும் அவள் விரல் சங்கின் மூக்கைத் தடவியது. தடவிய விரல் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. லெயோன் சாமி திரும்பி, "மரித்தோரின் இளைப்பாற்றியைக் குலைத்தவள்..." என்று ஆரம்பித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து கித்தேரியாள் எழுந்துவிட்டாள். சங்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது எம்மவன் சங்கு இல்ல. எம்மவனுக்கு வாயில குத்தக்கூடாதுன்னு மூக்க நானே கல்லுல தேச்சி மழுக்குனேன். இதுல மூக்கு கூரா நிக்கி. இத ஆரோ எனக்காவக் கொண்டுவந்து வச்சிருக்கான். வச்சவனுக்கு எம்மவன் சங்கு எங்க இருக்குன்னு தெரியும். அவன் இந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்கான். சாமி, என்னைய வெலக்குதிய, வெலக்குங்க. மொதல்ல அவனச் சொல்லச் சொல்லுங்க."

"மகளே, ஆத்துமா சங்கில் இல்லை" என்றார் சாமி.

"ஆத்துமா உங்க பாடு சாமி. எடம் எம்பாடு."

கயித்தான் நினைத்துப் பார்த்தார். சொல்லாமல் இருந்துவிடலாம். அவள் கத்துவாள், ஓய்வாள், பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிவிடும். ஊர் ஒதுக்குகிற ஆளை ஒரு பயலும் ஏனென்று கேட்கமாட்டான். அது கயித்தானுக்குத் தெரியும், அப்படி ஒதுங்கி வளர்ந்தவர்தானே. மேல்துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"நான்தான்."

"என்னவே நான்தான்?" என்றான் ஒருத்தன்.

"சிப்பிய கச்சான் எடுக்கல. நான் எடுத்தேன். அந்தோனியார் திருநாளன்னிக்கு எடுத்தேன். சுட்டேன். சுவத்துல பூசிட்டேன்."

விளங்கியதும் கோயில் இரைந்தது. "எங்கப்பன் சங்குமா?" "ஆமா." "எங்க அக்கா சிப்பி?" "ஆமா." "உம்ம ஆத்தா மேட்ட மட்டும் விட்டுவச்சீராக்கும்?" "மொதல்ல எடுத்ததே அவ சிப்பியத்தான்." ஒருத்தன் அடித்தான், இரண்டு பேர் அடித்தார்கள். கூடையை எறிந்து பழகிய கை அன்றைக்கு எழும்பவில்லை. வாங்கிக்கொண்டு நின்றாராம்.

கித்தேரியாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அடிக்காதிய. செத்துப்போனா பதிலு சொல்ல ஆளிருக்காது. நீரு வெளிய வாரும்."

தெற்குச் சுவர் வெயிலில் கண்ணைப் பறித்தது. அவள் கேட்டாள்.

"இதுல எங்கன இருக்கான்?"

கயித்தான் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியல தாயி. எல்லாம் ஒண்ணாத்தான் வெந்திச்சி."

அவள் மேற்கு மூலைக்குப் போனாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், கிழக்கு மூலை வரைக்கும் நடந்தாளாம். எட்டுகிற உயரத்துக்கு எட்டி, குனிகிற மட்டுக்குக் குனிந்து, தடவிக்கொண்டே நடந்தாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அதுவரை அழாதவள் கிழக்கு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

கயித்தானுக்குத் தாங்கவில்லை. "என்ன செய்யணும், சொல்லு தாயி. சுவத்த இடிக்கச் சொல்லு, இடிக்கேன். கல்லறை கட்டச் சொல்லு, தொரமாருக்கு மேல பளிங்குல கட்டுதேன்."

"எந்த எடத்துல கட்டுவீரு?"

கயித்தான் மட்டமாகக் கிடந்த மணலைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரம் பேசாதீரும். இடிச்சா எம்மவன் இன்னொரு தடவ பொடியாவான். அவன் இங்கனயே இருக்கட்டும். இவன் மேல ஆரும் சாயக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது. சொரண்டக்கூடாது. ஆடு மாடு ஒரசக்கூடாது. அதப் பாத்துக்கிடும்."

"எம்புட்டு நாளைக்கு?"

பழக்கதோஷம், கேட்டுவிட்டார். அவள் எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தாள்.

லெயோன் சாமி பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவமன்னிப்புக் கொடுத்தார். ஊரும் போகப் போகப் பேச்சு வார்த்தைக்கு வந்தது. கித்தேரியாள் மன்னித்தேன் என்று சொன்னதாக யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சூளையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு, தெற்குச் சுவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தவர்தான். ஆடு வந்தால் விரட்டினார், ஆள் சாய்ந்தால் கெட்ட வார்த்தையில் திட்டினார். கோபம் அப்படியேதான் இருந்ததாம், ஆனால் அதற்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு, அதாவது கல்லறைத் திருநாளுக்கு, கித்தேரியாள் ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து சுவரடியில் ஊற்றினாள். மறுவருஷம் மற்றப் பெண்களும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மெழுகுதிரி வைத்தாள், ஒருத்தி பூ வைத்தாள். கயித்தானும் ஒரு திரி வைத்தார், தன் தாய்க்கு. எல்லாரும் போன பிறகுதான் வைப்பாராம்.

இன்றைக்கும் கோரைத்துறைக்குப் போனால் பார்க்கலாம். கல்லறைத் திருநாளன்று துரைமார் கல்லறைப் பக்கம் இருட்டாகக் கிடக்கும், பழைய மணல்காடும் இருட்டாகக் கிடக்கும். தெற்குச் சுவரடி நீளத்துக்கும் திரி எரியும், பால் ஓடிக் கிடக்கும். வெள்ளையடிக்கும்போது மற்ற மூன்று சுவரையும் சுரண்டிவிட்டு அடிப்பார்கள். தெற்குச் சுவரைச் சுரண்டுவதில்லை, மேலே மேலே பூசுவதுதான். பூசிப் பூசி அது மட்டும் தடித்து, சன்னல்களெல்லாம் குழிக்குள் போன கண் மாதிரி இருக்கும். 'சங்குச் சுவரு' என்றுதான் அதற்குப் பெயர். திருநாளுக்கு மைக்செட் கட்டுகிறவன்கூட அதில் ஆணி வைக்கமாட்டான், தனியாகப் பனங்கம்பு நட்டுத்தான் கட்டுவான்.

வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பூசை நீண்டுவிட்டால், நிழல் தேடிவந்து அந்தச் சுவரில் சாய்வார்கள். உடனே கயித்தான் வம்சத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து போவார்கள். திட்டுவதெல்லாம் இப்போது கிடையாது. தோளைத் தொட்டு, மெதுவாகச் சொல்வார்கள்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆள் இருக்கு."